பதவிப் பெயர் செல்லாத இடம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்தாறு. பெங்களூர் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் வேலையைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் வீட்டிலிருந்தே பார்க்கிறீர்கள். மனைவி, ஒரு மகள், குறையில்லாத வருமானம். ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பத்து நிமிடம் பேச நேர்ந்தால் வேலையைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை; விடுமுறை கிடைத்தால் பைக்கை எடுத்துக்கொண்டு ஏற்காடு போய்வருவது ஒன்றுதான் பொழுதுபோக்கு. ஆகவே, பலதும் அறிந்த மனிதராக ஆவதற்கு எவற்றை எந்த வரிசையில் கற்க வேண்டும், அவை வேலையிலும் கைகொடுக்குமா, எவ்வளவு காலமும் செலவும் பிடிக்கும் என்று ஒரு பட்டியலோடு பதில் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கேட்டிருந்தாலும், நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: “நாளைக்கே இந்த வேலை போய்விட்டால் நான் யார் என்று என்னால் சொல்ல முடியாது.” அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

நான் உளவியல் படித்து, சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருப்பவன். உருக்காலை, வங்கி, நூற்பாலை, பள்ளிக்கூடம், உங்களைப் போல வீட்டிலிருந்து கணினி வேலை என்று பலதரப்பட்டவர்களோடு பேசிய பழக்கம் உண்டு. அதில் ஒரு குறைபாடும் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் ஏதோ ஒரு சிக்கலோடு வருகிறவர்கள். வேலையே உலகம் என்று இருந்து, அதில் நிறைவாகவும் வாழ்பவர்கள் என் கதவைத் தட்டப் போவதில்லை. எனவே என் அனுபவத்திலிருந்து சொல்வதையெல்லாம் ஒருபக்கத்துச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியிலிருந்து சொல்லும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

பட்டியல் தராததற்குக் காரணம் உண்டு. உங்கள் நிலையில் இருப்பவர்கள் பலர் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள்: கிதார், சதுரங்கம், ஒரு ஐரோப்பிய மொழி, ஒளிப்படம், மாதத்துக்கு இவ்வளவு புத்தகம். அலுவலகத்தில் வேலையைப் பிரித்து நாள் குறித்து முடித்துப் பழகிய மனம் இதையும் அப்படியே பிரித்து நாள் குறித்துக்கொள்கிறது. ஆறு மாதத்தில் கிதார் அலமாரி மேல் ஏறிவிடுகிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். என்னைக் கேட்டால், ஒருவர் எத்தனை கலைகளைத் தொட்டிருக்கிறார் என்பதைவிட, அவருடைய பதவிப் பெயருக்கு எந்த மதிப்பும் இல்லாத இடங்கள் அவர் வாழ்க்கையில் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அங்கே அவர் கற்றுக்குட்டியாக இருக்க வேண்டும், தம்மைவிட வயதிலோ சம்பளத்திலோ குறைந்தவரிடம் திருத்தம் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு வாரம் வராவிட்டால் “ஏன் வரல?” என்று கேட்க யாராவது இருக்க வேண்டும். அப்படி ஒரே ஒரு இடம் இருந்து, அதில் சில ஆண்டுகள் நிலைத்தால், நீங்கள் பயப்படும் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து சேரும் ஏரி அது. 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. ஞாயிறு காலை கரையில் பைனாகுலரோடு நிற்கும் ஒரு சிறு கூட்டத்தில் ஓர் உயர் அதிகாரியும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனும் அடுத்தடுத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். பட்டுப்போன மரக்கிளையில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்த கறுப்புப் பறவையைக் காட்டி, “இந்திய நீர்க்காகம்” என்றார் அதிகாரி. “இல்லீங்க சார், சின்ன நீர்க்காகமுங்க. மூக்கப் பாருங்க, குட்டையா இருக்குது. அதுக்குன்னா நீளமா, ஒல்லியா, நுனியில வளைஞ்சு இருக்கும். தலையும் இப்பிடி உருண்டையா இருக்காதுங்க” என்றான் பையன். அவர் மறுபடியும் பைனாகுலரை வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். அலுவலகத்தில் அவர் எழுதியதை அடித்துத் திருத்த அவருக்குக் கீழே யாருக்கும் துணிவு இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கிடைப்பது பறவை அறிவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இனி, ஓரளவு உறுதியாகத் தெரிந்தவை. வேலைக்குப் பிந்தைய நேரத்தில் மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வுகளில் சபைன் சோனென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. ஓய்வு நேர அனுபவத்தை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: மனத்தளவில் வேலையை விட்டு விலகியிருப்பது, உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுவது, வேலைக்குத் தொடர்பில்லாத ஒன்றைக் கற்றுத் தேர்வது, அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்பது தம் கையில் இருப்பது. இந்த நான்கும் நல்ல உறக்கம், குறைந்த சோர்வு, நல்ல மனநிலை ஆகியவற்றோடு சேர்ந்து வருவதை அடுத்தடுத்த ஆய்வுகள் பலவும் காட்டியிருக்கின்றன. அதிலும் முதலாவதற்கு, அதாவது வேலை மனத்தை விட்டு இறங்குவதற்கு, ஆதாரம் வலுவாக இருக்கிறது. உங்களைப் போல வீட்டிலேயே வேலை பார்ப்பவருக்கு அந்த முதலாவதுதான் மிகக் கடினம். அலுவலகம் போகிறவருக்குப் பேருந்துப் பயணமாவது நடுவில் இருக்கிறது. உங்களுக்கு மடிக்கணினியை மூடினால் சாப்பாட்டு மேஜை. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது எதுவானாலும் வீட்டை விட்டு வெளியே, கணினித் திரை இல்லாத இடத்தில் நடப்பதாக இருக்கட்டும். இணையத்தில் வகுப்பு எடுத்துக்கொள்வது உங்களுக்குப் பொருந்தாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். வேறொருவருக்கு அது பொருந்தலாம்.

நீங்கள் பயப்படும் விஷயத்தை நேரடியாகத் தொடும் ஒரு கருத்தும் உளவியலில் இருக்கிறது, ஆனால் அதை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டும். தன்னைப் பல கோணங்களில், ஒன்றோடொன்று ஒட்டாத பல பங்குகளில் (தந்தை, ஊழியர், நண்பர் என்பது போல) வைத்துப் பார்க்கிறவருக்கு, அவற்றில் ஒன்றில் விழும் அடி மற்றவற்றைத் தாக்குவதில்லை என்று பட்ரீசியா லின்வில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் எழுதினார். கேட்பதற்கு நியாயமாகப் படும் கருத்து. உங்கள் வரியைப் படித்ததும் எனக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். ஆனால் பின்னால் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் மதிப்பிட்டபோது, அந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தென்படவில்லை. பல பங்குகளைச் சுமப்பதே சிலருக்குப் பாரமாகிவிடுவதும் உண்டு. ஆகவே, நான்கு பொழுதுபோக்கு இருந்தால் வேலை போனாலும் கலங்க மாட்டீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேலை இழந்து வந்தவர்களில், வேறோர் இடத்தில் தம்மைப் பெயர் சொல்லி அழைக்க ஆட்கள் இருந்தவர்கள் சற்று விரைவில் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். இது அந்த ஒருபக்கத்துச் சாட்சியத்தைச் சேர்ந்தது.

வேலையிலும் கைகொடுக்குமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: பெரும்பாலும் இல்லை. சதுரங்கமோ இசையோ கற்றால் பொதுவான அறிவுக்கூர்மை கூடும் என்ற நம்பிக்கையை ஜொவானி சாலா, ஃபெர்னான் கொபே ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சோதித்தார்கள்; சோதனை எவ்வளவு கவனமாக அமைக்கப்பட்டிருந்ததோ அவ்வளவுக்கு அந்தப் பலன் சுருங்கிப் போனது. நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர்களிடம் ஓவியம், இசை, கைவினை போன்ற ஈடுபாடுகள் மற்ற அறிவியலாளர்களைவிட அதிகம் காணப்பட்டதாக 2008-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் ஈடுபாடு பரிசைக் கொண்டுவந்ததா, இரண்டையும் கொண்டுவந்த வேறு காரணம் ஏதேனும் இருந்ததா என்பதை அத்தகைய ஆய்வு சொல்லாது. சதுரங்கம் கற்றால் சதுரங்கம் வரும். அதுவே போதும் என்று தோன்றினால் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது ஏற்காட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே விடை அங்கே கிடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மாதந்தோறும் ஏறுகிறீர்கள். லேடிஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் படமெடுக்கிறீர்கள். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு இறங்குகிறீர்கள். இத்தனை முறை போய்வந்தும் அந்த மலையில் ஒருவரையும் பெயர் சொல்லித் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிதாக எதையும் தேட வேண்டாம். சாலையின் இருபக்கமும் இருக்கும் காப்பித் தோட்டத்தை மட்டும் ஓர் ஆண்டு முழுக்கக் கவனியுங்கள். சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அதன் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காப்பி நிற்கும். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்து ஏறக்குறைய ஒன்பது, பத்து நாளில் செடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணம் சாலை வரை வரும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்தும் விடும். மாதம் ஒருமுறை போகிறவர் அதைத் தவறவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் மழை எப்போது விழுந்தது என்று மலையில் இருக்கும் ஒருவரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; அதற்கு அங்கே ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு. ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும்போது சிவப்பை மட்டும் விரல் நுனியால் திருகி எடுக்கிற வேகத்தை அருகில் நின்று பாருங்கள். பிறகு தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைப்பதையும், காய்கிற கொட்டையை மணிக்கொரு தரம் கிளறிவிடுவதையும் பாருங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போனால் சிறு தோட்டக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளி மக்கள் (பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் கேரளத்தவர் அல்லர், இந்த மலையின் பழங்குடிகள், தமிழ் பேசுகிறவர்கள்) உங்களுக்குச் சொல்லித்தர ஏராளமாக வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும்போது நீங்கள் குழுத் தலைவர் அல்லர். செடி பேர் தெரியாத ஒருவர், அவ்வளவுதான்.

ஓராண்டு இப்படி ஒன்றைக் கவனித்தவருக்குப் பக்கத்து இலைக்காரரோடு என்ன பேசுவது என்ற கவலை வேறு வழியில் தீரும். நீங்கள் காப்பியைப் பற்றிப் பிரசங்கம் செய்வீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை (தயவுசெய்து செய்ய வேண்டாம்). ஒரு தொழிலின் உட்கூறு எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தவருக்கு அடுத்தவர் தொழிலைப் பற்றிச் சரியான கேள்வி கேட்க வரும். உங்கள் தெருவிலேயே கொலுசுப் பட்டறைகள் இருக்குமே. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஓரிடம், வளையமாக்கிக் கோப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், மணி கோத்து மெருகு போடுவது வேறோரிடம் என்று ஒரு கொலுசு பல வீடுகளைச் சுற்றித்தான் கடைக்குப் போகிறது. “வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்று கேட்டால் “ஏதோ போகுதுங்க” என்பதோடு பேச்சு முடியும். பற்றவைப்பில் எவ்வளவு வெள்ளி சேதாரம் ஆகும், அது யார் கணக்கில் போகும் என்று கேட்டுப் பாருங்கள். பாயசம் வந்தும் பேச்சு முடியாது.

அடுத்தது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாதது. இந்த ஞாயிறு காலை யாருடைய கணக்கிலிருந்து வரப்போகிறது? 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அதிலும் அப்படி ஈடுபட்ட ஆண்கள் நான்கில் ஒருவரே. வேலைக்கு வெளியே முழுமையான மனிதராக ஆகிறேன் என்று கிளம்பும் கணவர், வீட்டில் மனைவியின் 299-ஐ 350 ஆக்கிவிட்டுப் போவதை ஆலோசனை அறையில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். நீங்கள் இன்னும் சமைக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஒரு ரசம், ஒரு பொரியல், ஒழுங்கான தோசை, பிறகு அந்தப் பாத்திரங்களைத் துலக்குவது. அங்கேயும் உங்கள் பதவிப் பெயருக்கு மதிப்பில்லை. உப்பு கூடிப்போனால் மகளே சொல்லிவிடுவாள். வாரத்தில் ஒரு நேரம் உங்கள் மனைவிக்கும் இப்படி ஓரிடத்துக்குப் போகக் கிடைக்க வேண்டும் என்பதை உங்கள் திட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எதைத் தொடங்கினாலும் அதைக் காட்சிக்கு வைக்க அவசரப்படாதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் மழலைப் பள்ளியில் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லி வரையவைத்த குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறைய பாதி நேரமே வண்ணப் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. மழலைகளிடம் கண்டதை முப்பத்தாறு வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பது சரியான எதிர்வாதம். ஆனால் வெளியிலிருந்து வரும் பரிசு உள்ளிருக்கும் விருப்பத்தைத் தின்னக்கூடும் என்ற பொதுக் கருத்துக்குப் பெரியவர்களிடமும் போதுமான சான்று சேர்ந்திருக்கிறது. பார்த்த பறவையை இன்ஸ்டாகிராமில் போடுவதால் பறவைக்கு ஒன்றும் ஆகிவிடாது; அடுத்த வாரம் நீங்கள் ஏரிக்குப் போவது பறவைக்காகவா படத்துக்காகவா என்பதுதான் குழம்பிவிடும்.

எவ்வளவு காலம் என்றால், இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு செயல் பழக்கமாவதற்கு 21 நாள் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் செய்து 2010-இல் அச்சான ஆய்வில் அது நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதுவும் தினமும் செய்கிற எளிய செயல்களுக்கு. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நட்டம் ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. வாரம் ஒருமுறை போகும் ஏரிக்கரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, இன்னும் நீளும். இரண்டாவது, அந்த இடம் உங்களுடையதாகும் காலம். அதற்கு யாரும் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை. என்னிடம் பேசியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டைச் சொல்வார்கள். முதல் ஆண்டின் நடுவில் அலுப்புத் தட்டும் ஒரு கட்டம் கட்டாயம் வரும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வாராந்திர வகுப்பே சாத்தியப்படாது. அவர்களிடம் நான் தேதி சாராத, எந்த நேரத்திலும் போகக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இதுவரை எழுதியது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. முன்பு பிடித்திருந்தவை எதுவும் இப்போது பிடிக்கவில்லை, உறக்கமும் பசியும் மாறியிருக்கின்றன, இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் இதே நிலை என்றால், உங்களுக்குத் தேவை பொழுதுபோக்கு அல்ல, மருத்துவர். உங்கள் எழுத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் சேவையைத் தமிழிலேயே இலவசமாக அழைக்கலாம்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் சில மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். வாங்குவதே தொடங்கியதாகத் தோன்றி, அத்தோடு நின்றுவிடுவதை நிறையப் பார்த்தாயிற்று. பறவை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், 2015 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளுங்கள். ஏதாவது ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் பதிவிட்டால் போதும். கட்டணம் எதுவும் கிடையாது, மொட்டைமாடியிலிருந்தும் செய்யலாம். பைனாகுலரை அதுவரை பக்கத்தில் நிற்பவரிடம் இரவல் வாங்கிப் பாருங்கள், கொடுப்பார்கள். பிறகும் ஆசை இருந்தால் 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும்) ஒன்றை வாங்கலாம். பெருக்கம் அதிகமாக இருக்கிறதே என்று 20x50 வாங்கினால் கை நடுக்கத்தில் பறவையும் சேர்ந்து நடுங்கும்.